சம்பளம் யார் பெட்டியிலிருந்து வருகிறது? ரெக்ரூட்டர் வேலைக்குச் சேருமுன் பார்க்க வேண்டிய கணக்கு

மே, ஜூன் வந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி விளம்பரங்கள் வரத் தொடங்கும். ‘எச்.ஆர். ரெக்ரூட்டர் தேவை. ஃப்ரெஷர் ஓகே. சம்பளம் 15,000 + அன்லிமிடெட் இன்சென்டிவ்.’ ஒன்று திருச்சியில், ஒன்று சென்னையில், ஒன்று இரவு ஷிஃப்ட், இன்னொன்று ‘வீட்டிலிருந்தே செய்யலாம்’. எம்.பி.ஏ.வில் எச்.ஆர். எடுத்துப் படித்தவருக்கு நான்கும், கம்பெனிகளுக்கு ஆள் தேடிச் சேர்க்கும் ஒரே வேலையாகத்தான் தெரியும். சேர்ந்து மூன்று மாதம் ஆன பிறகுதான் நான்கும் வேறு வேறு தொழில் என்று புரியும்.

‘நல்ல கம்பெனியா?’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, அந்தக் கம்பெனிக்குப் பணம் யார் தருகிறார்கள், எப்போது தருகிறார்கள் என்பது. டார்கெட், ஷிஃப்ட், இன்சென்டிவ், பாண்டு (இத்தனை வருஷம் விலக மாட்டேன் என்று எழுதிக் கொடுப்பது), மாதக் கடைசியில் மேனேஜர் போடும் சத்தம் எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

செட்டிநாட்டுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் கடை வைத்திருந்த காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாகி மேலாளாக உயர்ந்தவர் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டுதான் கப்பல் ஏறினார். தவணை பெரும்பாலும் மூன்று வருஷம். மொத்தச் சம்பளம் எவ்வளவு, அதில் முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் ஊரிலேயே பேசி முடிந்திருக்கும். இன்றைக்கு மெயிலில் வரும் ஆஃபர் லெட்டரை அந்தச் சீட்டு அளவுக்கு யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை.

ஒரே பெயரில் ஐந்து தொழில்

1. கன்சல்டன்சி. ஆள் தேவைப்படும் கம்பெனிக்கு (இதைக் கிளையன்ட் என்பார்கள்) ஆள் தேடிக் கொடுப்பது. ஆள் வேலையில் சேர்ந்தால்தான் காசு. இந்தியாவில் நெடுநாளாக வழக்கில் இருக்கும் கட்டணம் வருஷச் சம்பளத்தில் 8.33 சதவீதம். பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது அந்த ஆளின் ஒரு மாதச் சம்பளம். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

2. ஸ்டாஃபிங். ஆள் வேலை செய்வது கிளையன்ட் இடத்தில், சம்பளப் பட்டியல் ஸ்டாஃபிங் கம்பெனியிடம். தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் ஒரு சிறு தொகை கம்பெனிக்கு நிற்கும்.

3. கம்பெனியின் சொந்த எச்.ஆர். பிரிவு. தன் கம்பெனிக்கே ஆள் எடுப்பது. இங்கே ரெக்ரூட்டர் சம்பாதித்துக் கொடுப்பவர் இல்லை, செலவுக் கணக்கில் நிற்பவர்.

4. அமெரிக்க ஐடி ஸ்டாஃபிங். இங்கே உட்கார்ந்து, அமெரிக்காவில் இருப்பவர்களை அமெரிக்காவிலேயே ஒப்பந்த வேலைகளில் சேர்ப்பது. வருமானம் டாலரில், மணிக்கணக்கில்.

5. வெளிநாட்டு மேன்பவர். வளைகுடா, மலேசியா போன்ற இடங்களுக்கு ஆள் அனுப்புவது.

உயர்பதவிகளுக்கு மட்டும் ஆள் தேடும் சர்ச் கம்பெனிகள் தனி வகை. அவை முன்பணம் வாங்கிக்கொண்டு தவணை தவணையாகக் கட்டணம் பெறும். புதிதாகப் படிப்பை முடித்தவருக்கு அங்கே கதவு அவ்வளவு எளிதில் திறக்காது என்பதால் இங்கே விட்டுவிடலாம்.

கன்சல்டன்சியில் பணம் வந்து சேரும் பாதை

விளம்பரங்களில் அதிகம் வருவது இந்த வகைதான், ஏமாற்றமும் இதில்தான் அதிகம். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஜூன் முதல் வாரம் ஒருவர் 18,000 ரூபாய் சம்பளத்தில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் ஜாப் போர்ட்டலில் (வேலை தேடுவோர் விவரம் இருக்கும் இணையதளம்) ரெஸ்யூம் தேடவும், போனில் பேசவும் பழகுவதிலேயே போய்விடும். ஜூலைக் கடைசியில் அவர் அனுப்பிய ஒருவர், வருஷத்துக்கு 4 லட்சம் சம்பளத்தில் தேர்வாகிறார். அவருக்குப் பழைய கம்பெனியில் 90 நாள் நோட்டீஸ். ஐடி பக்கம் இது சாதாரணம். ஆக, புதிய வேலையில் சேர்வது அக்டோபர் கடைசி. சேர்ந்த பிறகுதான் பில் போட முடியும். கிளையன்ட் பணம் கட்ட 30 முதல் 60 நாள் எடுத்தால் டிசம்பர். ஜூனில் சேர்ந்தவருடைய உழைப்பில் முதல் ரூபாய் கம்பெனிக்கு வருவது டிசம்பரில்.

அதுவும் உறுதியில்லை. சேர்ந்தவர் குறிப்பிட்ட நாளுக்குள், பெரும்பாலும் 60 அல்லது 90 நாள், வேலையை விட்டுவிட்டால் இன்னொரு ஆளை இலவசமாகத் தர வேண்டும். ரிப்ளேஸ்மென்ட் என்பது இதுதான். இல்லாவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டும். நோட்டீஸ் காலத்தில் இன்னொரு ஆஃபர் கிடைத்து, சேர வேண்டிய நாளன்று போனை எடுக்காமல் போகிறவர்களும் உண்டு. அந்த நாள் காலையில் ஒரு கன்சல்டன்சிக்குள் போய்ப் பார்த்தால் ரெக்ரூட்டர் முகத்தில் களை இருக்காது. ‘வண்டி ஏறிட்டீங்களா சார்?’ என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆறு மாதத்துக்கு அவருடைய சம்பளம் மட்டும் 1,08,000 ரூபாய். நாற்காலி, போன், ஜாப் போர்ட்டல் சந்தா தனி. அந்த முதல் ஆளால் வந்ததோ 4 லட்சத்தில் 8.33 சதவீதம், 33,320 ரூபாய். கையில் மூலதனம் உள்ள கம்பெனி இந்த இடைவெளியைத் தாங்கும். மூலதனம் இல்லாத கம்பெனி நான்காவது மாதமே ‘பர்ஃபாமன்ஸ் இல்லை’ என்று அனுப்பிவிட்டு அடுத்த ஃப்ரெஷரை எடுக்கும். போனவர் தேர்வாக்கிய ஆள் அக்டோபரில் சேர்ந்தால் அந்தப் பில் கம்பெனிக்கே லாபம். எல்லோரும் திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. கணக்கு அப்படித் தள்ளுகிறது.

அதனால் கன்சல்டன்சியில் பார்க்க வேண்டிய முதல் அடையாளம், ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே இருக்கும் ரெக்ரூட்டர்கள் எத்தனை பேர் என்பது. அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு இதைச் சொல்லாது.

‘அன்லிமிடெட் இன்சென்டிவ்’ என்றால் எவ்வளவு?

இன்சென்டிவ் முதல் ரூபாயிலிருந்து தொடங்குவதில்லை. நீங்கள் கொண்டுவரும் வருமானம் (பில்லிங்) உங்கள் சம்பளத்தைப் போல இரண்டு அல்லது மூன்று மடங்கைத் தாண்டிய பிறகு, தாண்டிய பகுதியில் ஒரு சதவீதம் என்பதுதான் வழக்கமான அமைப்பு.

அதே 18,000 சம்பளம், மூன்று மடங்கு வரம்பு என்றால் மாத இலக்கு 54,000. அந்த மாதம் 4 லட்சம் சம்பளத்தில் இரண்டு பேரைச் சேர்த்தால் பில்லிங் 66,640. இலக்கைத் தாண்டியது 12,640. பத்து சதவீதம் என்றால் கைக்கு வருவது 1,264 ரூபாய். ஒரே ஒருவரைச் சேர்த்தால் ஒன்றுமில்லை. சில இடங்களில் அந்தக் குறையை அடுத்த மாதக் கணக்கிலும் ஏற்றிவிடுவார்கள்.

ஆக, இன்சென்டிவை நிர்ணயிப்பது சதவீதத்தைவிட கிளையன்ட் யார் என்பதுதான். 4 லட்ச வேலைகளுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் 10 சதவீதமும், 15 லட்ச வேலைகளுக்கு எடுக்கும் இடத்தில் 5 சதவீதமும் கிடைத்தால், இரண்டாவதே மேல். இன்சென்டிவ் பற்றிப் பேச்சு வரும்போது கேட்க வேண்டியவை:

1. வரம்பு மாதக் கணக்கா, காலாண்டுக் கணக்கா? குறை அடுத்த மாதத்துக்கு ஏறுமா?
2. ஆள் சேர்ந்தால் இன்சென்டிவா, கிளையன்ட் பணம் கட்டினாலா, ரிப்ளேஸ்மென்ட் காலம் முடிந்தாலா?
3. வேலையை விட்ட பிறகு வசூலாகும் பில்லில் என் பங்கு உண்டா?

மூன்றாவது கேள்விக்கு ‘பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால் ‘கிடையாது’ என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஷிஃப்டில் என்ன நடக்கிறது?

இரவு ஷிஃப்ட் என்பது மேலே சொன்ன நான்காவது வகை, அமெரிக்க ஐடி ஸ்டாஃபிங். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. முடியும்போது அதிகாலை 3 மணியை ஒட்டிவிடும். ஆரம்பச் சம்பளம் உள்நாட்டுக் கன்சல்டன்சியைவிடப் பொதுவாக நன்றாக இருக்கும். ஆங்கிலப் பேச்சும் வேகமாகத் தேறும். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இதுவே ஒரு காரணமாகப் போதும்.

இங்கே முதல் வாரமே காதில் விழும் சொற்கள் மூன்று. டபிள்யூ-2 என்றால் வேலை செய்பவர் நேராக ஸ்டாஃபிங் கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருக்கிறார். சி-டு-சி என்றால் அவர் இன்னொரு கம்பெனியின் ஆள், பணம் அந்தக் கம்பெனிக்குப் போகும். 1099 என்றால் தனி ஒப்பந்தக்காரர். கிளையன்டுக்கும் வேலை செய்பவருக்கும் நடுவே எத்தனை கம்பெனி நிற்கிறதோ அத்தனை பேர் மணிக்கூலியில் கை வைப்பார்கள். கிளையன்டோடு நேரடி ஒப்பந்தம் உள்ள கம்பெனியா, மூன்றாவது அடுக்கில் நிற்கும் கம்பெனியா என்று கேட்பது இதனால்தான். மூன்றாவது அடுக்கில் நீங்கள் அனுப்பும் ரெஸ்யூமுக்குப் பதிலே வராது. கிணற்றில் கல்லைப் போட்டது போல.

இதற்குள்ளேயே பெஞ்ச் சேல்ஸ் என்று ஒரு பிரிவு. இங்கே வேலைக்கு ஆள் தேடுவதில்லை, கம்பெனி கையில் சும்மா இருக்கும் ஆட்களுக்கு அமெரிக்காவில் வேலை தேடுவது. எச்-1பி போன்ற அமெரிக்க வேலை விசாக்களை நம்பியே ஓடும் பிழைப்பு. 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்தபோது, இந்த ஒரே வகையை நம்பியிருந்த கம்பெனிகளுக்குத்தான் முதலில் வயிற்றில் புளி கரைந்தது. ரெஸ்யூமில் இல்லாத அனுபவத்தைக் கூட்டி எழுதச் சொல்லும் இடங்களும் இந்தப் பிரிவில் உண்டு. அப்படிச் சொல்லும் இடத்தில் எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் சேர வேண்டாம் என்பது என் கருத்து. அனுப்பிய மெயில் உங்கள் பெயரில் இருக்கும்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் இடங்கள்: இங்கேதான் சட்டச் சிக்கல்

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் தெருவுக்கு ஒரு வீட்டில் யாராவது வெளிநாட்டில் இருப்பார்கள். அதனால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறை, கண்ணாடி மேஜை, விமானப் படம் ஒட்டிய பலகை என்று இந்த அலுவலகங்களும் இருக்கும். உள்ளூரிலேயே வேலை, வீட்டுச் சாப்பாடு என்று நினைத்துச் சேருமுன் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க மத்திய அரசின் பதிவுச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் பெற்ற முகவரும் வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. என்று வரம்பு உண்டு. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடியேற்ற அனுமதி தேவை) என்று குறித்திருந்தால், 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசின் அனுமதி வேண்டும். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் உண்டு, சிங்கப்பூர் இல்லை. தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978 முதல் இருக்கிறது.

பெரிய முகவருக்கு ‘ஊர் ஏஜெண்டு’ என்று சொல்லிக்கொண்டு, சொந்தமாகப் பதிவு இல்லாமல் ஆள் சேர்த்துப் பணம் வாங்கும் இடம்தான் ஆபத்து. 2022-இல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீண்ட தமிழ் இளைஞர்களின் செய்தியைப் படித்திருப்பீர்கள். அப்படி ஒன்று நடந்தால், போனவரின் அப்பா சென்னை முதலாளியைத் தேடிப் போக மாட்டார். ‘நீதானேப்பா பேசின?’ என்று கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ உள்ள உங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார். போலீஸும் பணம் வாங்கிய கையைத்தான் முதலில் தேடும்.

உள்நாட்டு வேலைக்கே பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று வேலை தேடுபவரிடம் வாங்கும் கன்சல்டன்சிகளுக்கும் இதே பேச்சுதான். பணம் ஏழையிடமிருந்து முன்கூட்டியே வந்துவிடுகிறது. அப்புறம் வேலை கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன?

ஸ்டாஃபிங், சொந்த எச்.ஆர்.: சுருக்கமாக

ஸ்டாஃபிங்கில் வருமானம் மாதாமாதம் வருவதால் ரெக்ரூட்டர் சம்பளமும் தட்டாமல் வரும். ஆனால் தலைக்கு நிற்பது சிறு தொகை. அதனால் எண்ணிக்கை வேண்டும். டெலிவரிக்கு, கிடங்குக்கு, கடைக்கு என்று வாரத்துக்கு டஜன் கணக்கில் ஆள் சேர்க்கச் சொல்வார்கள். கை வேகமாகும், வேலையின் நுணுக்கம் அவ்வளவாக வளராது.

கம்பெனியின் சொந்த எச்.ஆர். பிரிவுதான் எல்லோரும் ஆசைப்படுவது. டார்கெட் குறைவு, மரியாதை கூடுதல். இரண்டு விஷயம் மட்டும். ஆள் எடுப்பதை நிறுத்தினால் முதலில் ஆடுவது ரெக்ரூட்டர் நாற்காலி. அப்புறம், பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லி எடுத்தாலும் சம்பளப் பட்டியல் ஏதோ ஒரு ஸ்டாஃபிங் கம்பெனியிடம் இருக்கலாம். ஆஃபர் லெட்டரின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உங்கள் முதலாளி.

வீட்டில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்

1. வருங்கால வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத் தேடல் என்று ஒரு பக்கம் உண்டு. கம்பெனி பெயரைப் போட்டால் எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்குப் பி.எஃப். கட்டியிருக்கிறார்கள் என்று காட்டும். ‘எங்களிடம் 200 பேர்’ என்பவர் 22 பேருக்குக் கட்டியிருந்தால், மீதிப் பேர் எங்கே? மாதாமாதம் எண்ணிக்கை எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். ஒரு கம்பெனியின் உள்நிலவரத்தை வெளியாள் எட்டிப்பார்க்க இது சுலபமான வழி.
2. கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் பதிவு செய்த ஆண்டும் நிலையும் தெரியும். பெயருக்குப் பின்னால் பிரைவேட் லிமிடெட் என்று போட்டுவிட்டு அங்கே இல்லாதவர்களும் இருக்கிறார்கள்.
3. வெளிநாட்டு மேன்பவர் என்றால், இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்ற முகவர் பட்டியல் இருக்கிறது. பதிவு எண் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பாண்டு, ஒரிஜினல் சான்றிதழ், ஆஃபர் லெட்டர்

‘பாண்டு எல்லாம் கோர்ட்டில் செல்லாது’ என்று நண்பர்கள் தைரியம் சொல்வார்கள். பாதிதான் சரி. வேலையை விட்ட பிறகு வேறெங்கும் இதே தொழில் செய்யக்கூடாது என்ற கட்டுப்பாடு 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி செல்லாது. ஆனால் குறைந்தபட்சம் இத்தனை வருஷம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு கட்ட வேண்டும் என்பது வேறு. மூன்று வருஷத்துக்கு முன்பே விலகினால் 2 லட்சம் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஏற்றுக்கொண்டது. தொகை நியாயமானதா, கம்பெனிக்கு உண்மையிலேயே அந்த அளவு இழப்பா என்று கோர்ட் பார்க்கும். அதற்காக 15,000 சம்பளக்காரர் வழக்கு நடத்திக்கொண்டிருக்க முடியுமா என்பது தனிக் கேள்வி. ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தை எழுத்தில் தருவதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. வேலையை விட்டால் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்றும் சொல்கின்றன. கடிதத்தில் சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) 15,000 என்று இருந்தால் கைக்கு 15,000 வராது. கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கையும் அதற்குள்ளேயே எழுதியிருப்பார்கள். கைக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

காரைக்குடியிலேயே இருந்துகொண்டு செய்யலாமா?

போனும் லேப்டாப்பும் போதும் என்பதால் செய்யலாம்தான். ஆனால் முதல் வருஷத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இந்தத் தொழில் பாடத்தில் இல்லை, பக்கத்து நாற்காலியில் இருக்கிறது. கேண்டிடேட் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்றால் அது வேறு ஆஃபரா, வீட்டில் சம்மதமில்லையா, சம்பளம் பத்தவில்லையா என்று அனுபவசாலி எப்படித் தோண்டி எடுக்கிறார் என்பதைக் கேட்டுத்தான் பழக வேண்டும். வீட்டில் தனியாக உட்கார்ந்து நாளுக்கு அறுபது போன் போட்டால் அறுபது தடவை ஒரே தப்பைச் செய்யலாம்.

சென்னை என்றால் விடுதி, சாப்பாடு, மாதம் ஒரு தடவை பல்லவன் ரயிலில் வந்துபோகும் செலவு எல்லாம் கழித்துக் கையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். சென்னையில் கிடைக்கும் 20,000-மும் திருச்சியில் கிடைக்கும் 16,000-மும் கடைசியில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கலாம். அப்படி நின்றால் கிளையன்ட் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அங்கே ஒரு வருஷம் வங்கி, உற்பத்தி, ஐடி என்று ஏதாவது ஒரு துறைக்கு ஆள் எடுத்துப் பழகியவருக்குத்தான் அடுத்த கம்பெனி கூடுதல் சம்பளம் தரும்.

வீட்டிலிருந்தே வேலை என்று ஏற்றுக்கொள்வதானால், லேப்டாப் யாருடையது, போர்ட்டல் லாகின் யார் செலவு, ‘லேப்டாப் டெபாசிட்’ என்று உங்களிடம் பணம் கேட்கிறார்களா என்று சேருமுன் கேட்டுவிடுங்கள். டெபாசிட் கேட்கும் இடத்தில், மேலே சொன்ன வைப்பு நிதித் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிஷம் போதும்.